கருப்பு வெள்ளை பிரிண்ட்டும் டோனிங்கும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஃபிலிமில் படமெடுத்து வீட்டிலேயே பிரிண்ட் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் ஒன்றை மூடிப்போன ஸ்டுடியோவிலிருந்து வாங்கி வந்துவிடுகிறார்கள். சந்தேகம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கையில் கிடைக்கும் கையேடுகளோ குளிர்நாட்டுக் குழாய்த் தண்ணீரை மனதில் வைத்து எழுதியவை. உப்புக் காற்று, செம்மண் கிணறு, ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் என்று வாழ்கிற நமக்கு அவற்றில் பாதி பதில்தான் கிடைக்கும். அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டு, பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

அண்ணே, முதல்ல இருந்து சொல்லுங்க. பிரிண்ட் போடுறதுன்னா என்னதான் நடக்குது?

போட்டோ பேப்பரின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. அதற்குள் வெளிச்சம் பட்டால் மாறக்கூடிய வெள்ளி உப்புகள் இருக்கின்றன. என்லார்ஜர் வழியாக நெகட்டிவின் நிழல் பேப்பரில் விழுகிறது. வெளிச்சம் பட்ட உப்பை டெவலப்பர் கருப்பு வெள்ளியாக மாற்றுகிறது. ஸ்டாப் பாத் அந்த வேலையை நிறுத்துகிறது. வெளிச்சம் படாத உப்பை ஹைப்போ கரைத்து வெளியேற்றுகிறது. கடைசியில் அந்த ஹைப்போவையும் தண்ணீரில் கழுவி எடுக்க வேண்டும்.

டோனிங் என்பது இதற்குப் பின்னால் வரும் வேலை. பேப்பரில் உள்ள வெள்ளியை வேறொரு சேர்மமாக மாற்றுவது அல்லது அதன் மேல் வேறொன்றைப் படிய வைப்பது. டோனிங்கில் வரும் சிக்கல் என்று என்னிடம் கொண்டுவரப்படும் பிரிண்ட்டுகளில் பெரும்பாலானவற்றில் டோனர் என்கிற டோனிங் கரைசல் மேல் குற்றமில்லை. ஹைப்போவிலோ கழுவுவதிலோ விட்ட குறைதான் அங்கே வந்து வெளிப்படுகிறது. கீழே பல இடங்களில் இதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

தனியா டார்க் ரூம் கட்டணுமா? எங்க வீட்டுல பாத்ரூம்தான் இருக்கு.

பாத்ரூம் போதும். இரவில் வேலை செய்தால் ஜன்னலையும் கதவிடுக்கையும் கருப்புத் துணியால் அடைப்பது எளிது. விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகியதும் எங்கே வெளிச்சம் ஒழுகுகிறது என்று தெரியும். என்லார்ஜரும் பேப்பரும் ஒரு பக்கம், டிரேக்கள் மறுபக்கம். ஈரக் கை பேப்பர் பக்கம் போகக் கூடாது. காற்று வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், டோனிங்குக்கு இது கட்டாயம். ஃபிலிமை டெவலப் செய்யும் டேங்கில் ஏற்ற மட்டும் முழு இருட்டு தேவை. அதற்குக் கைவிட்டு வேலை செய்யும் கருப்புப் பை விற்கிறார்கள்.

சிவப்பு பல்பு போட்டா சேஃப்லைட் ஆயிருமா?

சேஃப்லைட் என்பது போட்டோ பேப்பரைப் பாதிக்காத விளக்கு. எல்லாச் சிவப்பு பல்பும் அதற்கு ஆகாது. சிவப்புச் சாயம் பூசிய பல்பில் மற்ற நிறமும் கலந்து வரும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பேப்பர் துண்டுக்கு என்லார்ஜரில் மிக லேசான வெளிச்சம் கொடுங்கள், டெவலப் செய்தால் மங்கலான சாம்பல் நிறம் வருகிற அளவுக்கு. அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சேஃப்லைட்டுக்குக் கீழே ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது. அந்த முதல் வெளிச்சம் கொடுக்காமல் சோதித்தால் கெட்ட விளக்கும் நல்ல விளக்காகத் தெரியும், ஏனென்றால் பேப்பர் ஓரளவு வெளிச்சத்தை வாங்கிய பிறகுதான் கருக்கத் தொடங்கும்.

வீட்டுல ரப்பர் ஷீட் போடுற அலுமினிய டிஷ் நிறைய கிடக்கு. அதையே டிரேயா வெச்சுக்கலாமா?

வேண்டாம். டெவலப்பர் காரத்தன்மை உள்ளது, அலுமினியத்தை அரிக்கும். டோனிங்கில் காஸ்டிக் சோடா வந்தால் நுரைத்துக்கொண்டு அரிக்கும். பிளாஸ்டிக் டிரே மூன்று வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். எனாமல் டிரேயில் பூச்சு பெயர்ந்திருந்தால் அதுவும் ஆகாது. காரணம் செபியா என்கிற பழுப்பு டோனிங் பகுதியில் வரும். இந்த வேலைக்கு எடுத்த எந்தப் பாத்திரமும் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

அப்போ ரப்பர் பாலுக்கு ஊத்துற ஆசிட்டை ஸ்டாப் பாத்துக்கு எடுத்துக்கலாமில்ல?

நம் மாவட்டத்தில் மட்டுமே இந்தக் கேள்வி வரும், நியாயமான கேள்விதான். ரப்பர் பாலை உறைய வைக்கப் பெரும்பாலும் ஃபார்மிக் ஆசிட் வாங்குகிறோம். அமிலம் என்ற அளவில் அது டெவலப்பரை நிறுத்தும். ஆனால் அடர்த்தியாக இருக்கும்போது தோலைச் சுட்டுவிடும், ஆவி கண்ணையும் மூக்கையும் தாக்கும். மூடிய இருட்டறையில் அதை அளந்து ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. சிட்ரிக் ஆசிட் தூள் லிட்டருக்கு 15 கிராம் போட்டால் போதும், வாசனையும் கிடையாது.

கிணத்து வெள்ளம் போதுமா, ஆர்.ஓ. வெள்ளம் வேணுமா?

மருந்து கலக்க ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கொதிக்க வைத்து ஆற்றி, தெளிய வைத்து வடிகட்டிய தண்ணீர் நல்லது. கழுவுவதற்குத் தெளிவான கிணற்றுத் தண்ணீர் போதும். குளச்சல், முட்டம் போன்ற கரையோரத்தில் கிணறு உப்புக் கரித்தால், கடைசி இரண்டு கழுவலை நல்ல தண்ணீரில் முடியுங்கள்.

செம்மண் பகுதிக் கிணறுகளையும் பழைய இரும்புக் குழாய்களையும்தான் அதிகம் கவனிக்க வேண்டும். துணியில் வடிகட்டும்போது துரு நிறம் படிந்தால் அந்தத் தண்ணீரை டோனிங்குக்கு எடுக்காதீர்கள்.

எல்லாரும் 20 டிகிரின்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல பைப்பைத் திறந்தாலே 28. என்ன செய்ய?

ஃபிலிமையும் பேப்பரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஃபிலிமுக்கு வெப்பம் மிக முக்கியம். 20 டிகிரியில் டெவலப் செய்ய 8 நிமிடம் என்றால் 24 டிகிரியில் சுமார் ஐந்தரை நிமிடம்தான் ஆகும். 28-க்குப் போனால் நேரம் இன்னும் குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சீராகப் பரவாமல் வானத்தில் திட்டுத் திட்டாக வரும். ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, கட்டிப்போட்ட பிளாஸ்டிக் பையில் ஐஸைப் போட்டு, பாட்டில்களை அதில் நிறுத்தி 24-க்குக் கொண்டுவாருங்கள். நம் ஊரில் 24 என்பது பிடித்து நிறுத்தக்கூடிய அளவு, 20 அப்படியல்ல. டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து எடுத்தால் நேரமும் நீளும். டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கட்டும்; திடீரென்று மாறினால் ஜெலட்டின் சுருங்கிப் பொரிந்துவிடும்.

பேப்பர் இவ்வளவு கண்டிப்பானதல்ல. 28-இலும் வேலை செய்யலாம். டெவலப்பரை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கலந்து, படம் முழுதாக வரும்வரை விடுங்கள். கருத்துவிடும் என்று பயந்து பாதியில் எடுத்தால் கருப்பு சேறாக வரும். அப்படிப் பாதியில் எடுத்த பிரிண்ட் டோனிங்கிலும் சரியாக வராது. வெதுவெதுப்பில் ஜெலட்டின் மென்மையாக இருக்கும், இடுக்கியால் நடுப்பகுதியைக் கீறிவிடாதீர்கள்.

டெவலப்பரை நாமே கலக்க முடியுமா?

முடியும். பேப்பருக்குப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் கலந்த டி-72 இன்றும் நல்ல டெவலப்பர். ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 45 கிராம், ஹைட்ரோகுயினோன் 12 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 67.5 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். 50 டிகிரி அளவில் சூடான 750 மிலி தண்ணீரில் இதே வரிசையில் ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. சல்ஃபைட்டை முழுதாக முதலில் கொட்டிவிட்டால் மெட்டால் கரையாது. ஒரு சிட்டிகை சல்ஃபைட் மட்டும் முன்னால் போடலாம். கடைசியில் தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்குங்கள். பயன்படுத்தும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். கோடையில் மூன்று பங்கு. மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும், ஆகவே கையுறை போடுங்கள்.

பழைய ஸ்டுடியோவுல இண்டு பேப்பர் பெட்டி ஒண்ணு கிடைச்சுது. ஓடுமா?

இண்டு என்பது ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் பெயர். 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் அது. ஒரு காலத்தில் நம் ஸ்டுடியோக்களில் எங்கும் அந்தப் பெட்டிதான். இப்போது உற்பத்தி இல்லை. இருட்டில் ஒரு துண்டைக் கிழித்து, பாதியை நேரடியாக ஹைப்போவிலும் மீதியை டெவலப் செய்து ஹைப்போவிலும் போட்டு, இரண்டையும் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டெவலப் செய்த பாதி சாம்பலாக இருந்தால் பேப்பர் ஈரத்திலும் வெப்பத்திலும் மூப்படைந்துவிட்டது. லேசான சாம்பல் என்றால் டெவலப்பரில் பொட்டாசியம் புரோமைடு கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். அதிகம் என்றால் இலை, பூவை மேலே வைத்து நிழற்படம் எடுத்துப் பழகுங்கள். பழைய பெட்டிகளில் கான்ட்ராஸ்ட் (கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம்) எண் அச்சிட்டிருக்கும். அவற்றுக்கு ஃபில்டர் போட்டு கான்ட்ராஸ்டை மாற்ற முடியாது.

எத்தனை செகண்ட் வெளிச்சம் கொடுக்கணும்னு எப்படித் தெரியும்?

டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுத்தான் தெரியும். லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறக்காமல் இரண்டு ஸ்டாப் (படி) குறைத்து வையுங்கள். பேப்பர் துண்டை அட்டையால் மறைத்து, படிப்படியாக நகர்த்தி 5, 7, 10, 14, 20 விநாடி கிடைக்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். ஐந்து ஐந்தாகக் கூட்டினால் கருத்த முனையில் வித்தியாசமே தெரியாது. படத்தின் முகம், வெள்ளை வேட்டி போன்ற முக்கியமான இடத்தில் ஸ்ட்ரிப்பை வையுங்கள். பிளாஸ்டிக் படலம் இல்லாத ஃபைபர் பேப்பர் காய்ந்ததும் சற்றுக் கருக்கும், அதனால் ஈரத்தில் பார்க்க ஒரு இழை வெளுப்பாகத் தெரிவதே சரியான நேரம்.

ஏழு மணிக்குப் போட்ட பிரிண்ட் வெளுப்பா, நடுராத்திரி போட்டது கருப்பா வருது. நேரம் ஒண்ணுதான். ஏன்?

வோல்டேஜ். பழைய என்லார்ஜரில் இழை பல்புதான் இருக்கும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் அதன் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். மாலையில் ஊரே விளக்கும் மோட்டாரும் போடுகிற நேரம் அது. நல்ல ஸ்டெபிலைசர் வைக்கலாம், அல்லது பத்து மணிக்கு மேல் வேலை செய்யலாம். கிராமப் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டாவதே எளிது.

முட்டத்துல எடுத்த படமெல்லாம் வானம் வெள்ளை, ஆளு கருப்பு. பிரிண்ட்டுல சரி பண்ண முடியுமா?

ஓரளவு முடியும். ஃபில்டரால் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய மல்ட்டிகிரேடு பேப்பரில், கான்ட்ராஸ்ட் மிகக் குறைந்த 00 ஃபில்டர் போட்டு வானத்துக்கும் மணலுக்கும் வேண்டிய நேரத்தையும், மிக அதிகமான 5 ஃபில்டர் போட்டு நிழலின் கருப்புக்கு வேண்டிய நேரத்தையும் தனித்தனி ஸ்ட்ரிப்பில் கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே பேப்பரில் கொடுங்கள். அப்புறம் ஆளை அட்டையால் மறைத்து, வானத்துக்கு மட்டும் 00-இல் கூடுதல் வெளிச்சம். அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் விளிம்பு தெரியும்.

ஆனால் உண்மையான தீர்வு எடுக்கும்போதே இருக்கிறது. நம் கடற்கரை நண்பகலில் வெளிச்ச வித்தியாசம் மிக அதிகம். நிழலுக்கு மீட்டர் பார்த்து தாராளமாக வெளிச்சம் கொடுத்து, ஃபிலிம் டெவலப்பிங் நேரத்தை 15 முதல் 20 சதவீதம் குறையுங்கள். நீல வானம் இருந்தால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் மேகம் எழுந்து நிற்கும். நெகட்டிவில் இல்லாத மேகத்தைப் பிரிண்ட்டில் கொண்டுவர முடியாது.

ஹைப்போவுல எவ்வளவு நேரம் போடணும்? கூடக் கிடந்தா நல்லதுதானே?

நல்லதல்ல. நேரம் குறைந்தால் கரையாத வெள்ளி உப்பு உள்ளேயே தங்கும். இன்று தெரியாது, பின்னால் மஞ்சளாகும். நேரம் மிஞ்சினால் முகத்தின் மென்மையான சாம்பல் கரையத் தொடங்கும், ஃபைபர் பேப்பரின் காகித நாருக்குள்ளும் ஹைப்போ ஊறிவிடும். அங்கிருந்து அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

ஹைப்போவுக்குப் பதில் அம்மோனியம் தயோசல்ஃபேட் உள்ள, வேகமாக வேலை செய்யும் ரேப்பிட் ஃபிக்சரை 1:4 (ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர்) கலந்தால் ஒரு நிமிடம் போதும். லிட்டருக்கு 250 கிராம் ஹைப்போக் கட்டி கரைத்தது என்றால் இரண்டு டிரே வையுங்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து நிமிடம். முதல் டிரே பெரும்பாலான வேலையைச் செய்யும், இரண்டாவது புதிதாகவே இருக்கும். முதலாவது தளர்ந்ததும் அதைத் தள்ளிவிட்டு இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். தளர்ந்ததை அறிய, டெவலப் செய்யாத ஃபிலிம் நுனியைப் போட்டுப் பாருங்கள். புதிய ஹைப்போவில் தெளிவாக எடுத்த நேரத்தைவிட இரண்டு மடங்கு ஆனால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டியதுதான்.

கழுவத் தண்ணியைத் திறந்து விட்டா மேல டேங்கே காலி. குறைஞ்ச வெள்ளத்துல முடியாதா?

முடியும், குழாயை ஓட விடவே வேண்டாம். ஹைப்போவை வெளியேற்றுவது தண்ணீர் ஓடும் வேகம் அல்ல, மாற்றும் தடவைதான். ஆர்.சி. பேப்பரில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் டிரேயில் நான்கு தடவை தண்ணீர் மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் ஆட்டினால் போதும்.

ஃபைபர் பேப்பரை ஐந்து நிமிடம் அலசி, சோடியம் சல்ஃபைட் 2 சதவீதக் கரைசலில் பத்து நிமிடம் ஆட்டி, பிறகு ஆறு தடவை தண்ணீர் மாற்றுங்கள், தடவைக்கு ஐந்து நிமிடம். பிரிண்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் நடுவில் இருப்பது கழுவப்படாது, அடியில் இருப்பதை மேலே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 28 டிகிரித் தண்ணீர் இங்கே நமக்கு உதவி செய்கிறது. குளிர்ந்த நீரைவிட வேகமாக ஹைப்போ வெளியேறும்.

கடல் தண்ணியில கழுவினா ஹைப்போ சீக்கிரம் போகும்னு ஒருத்தர் சொன்னாரு. நிஜமா?

நிஜம். உப்பு கரைந்த நீரில் ஜெலட்டினையும் நாரையும் பிடித்துக்கொண்டிருக்கும் ஹைப்போ வேகமாக விடுபடும். மேலே சொன்ன சோடியம் சல்ஃபைட் கரைசலும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஆனால் கடல் உப்பு பிரிண்ட்டில் தங்கினால் வெள்ளியைத் தாக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். கடல் நீருக்குப் பின் நல்ல தண்ணீரில் முழுதாகக் கழுவித்தான் ஆக வேண்டும், கூடவே மணலும் வரும். சல்ஃபைட் கிடைக்கும்போது கடலுக்குப் போக வேண்டியதில்லை.

டோனிங் கலருக்குத்தானே? எனக்குக் கருப்பு வெள்ளையே பிடிக்கும். விட்டுரலாமா?

விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். குளிர்ந்த, வறண்ட ஊரில் டோன் செய்யாத பிரிண்ட் நீண்ட காலம் தாங்கும். நம் ஊரில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்கின்றன. இடையில் கடல் காற்று. ஈரமும் காற்றில் உள்ள வாயுக்களும் சேர்ந்து வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவரும். அங்கே அது மறுபடி வெள்ளியாகப் படிந்து, சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிபோல மின்னும். கருத்த பகுதிகளின் ஓரத்தில்தான் முதலில் தெரியும்.

வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாகவோ வெள்ளி செலினைடாகவோ மாற்றிவிட்டால் இந்த அரிப்பு எளிதில் நடக்காது. செலினியம் டோனரை நீர்க்கக் கலந்து சிறிது நேரம் மட்டும் போட்டால் நிறம் மாறியதே தெரியாமல் இந்தப் பாதுகாப்பில் ஒரு பங்கு கிடைக்கும். எனவே இங்கே டோனிங்கை அலங்காரமாகப் பார்க்காமல், கழுவுவதைப்போல பிரிண்ட் வேலையின் ஒரு கட்டமாகவே செய்யுங்கள்.

எங்க தாத்தா கல்யாண போட்டோ பழுப்பா இருக்கு. அது செபியாவா, பழசாயிட்டதா?

செபியா செய்த படம் முழுவதும் சீராகப் பழுப்பாக இருக்கும். முகத்தின் வெளிச்சப் பகுதியிலும் விவரம் இருக்கும். பழுதான படம் திட்டுத் திட்டாக மஞ்சளாகும், வேட்டியின் மடிப்பு மறைந்து வெறும் வெள்ளையாகும், ஓரத்தில் முந்தைய பதிலில் சொன்ன கண்ணாடி மினுக்கம் இருக்கும். எதுவாக இருந்தாலும் அந்த மூலப் படத்தை மருந்தில் போடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் ஃபிலிமில் நகல் எடுத்து, புதுப் பிரிண்ட் போட்டு அதை டோன் செய்யுங்கள்.

சரி, செபியா எப்படிச் செய்யணும்? அழுகின முட்டை நாத்தம் வரும்னு வீட்டுல பயப்படுறாங்க.

நாற்றம் வருவது சோடியம் சல்ஃபைடு முறையில். அந்த வாயு நல்லதல்ல, பக்கத்தில் உள்ள பயன்படுத்தாத பேப்பரையும் ஃபிலிமையும்கூட மங்கலாக்கிவிடும். தயோயூரியா முறையில் அந்த நாற்றம் இல்லை. வீட்டுக்கு அதுதான் சரி. எல்லாம் சாதாரண அறை வெளிச்சத்திலேயே செய்யலாம்.

முதல் கரைசல் ப்ளீச்: பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 50 கிராம், பொட்டாசியம் புரோமைடு 50 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேருங்கள். இரண்டாவது தயோயூரியா 10 சதவீதம். மூன்றாவது காஸ்டிக் சோடா 10 சதவீதம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டாவதும் மூன்றாவதும் 30 மிலி வீதம் சேர்த்தால் டோனர் தயார். காஸ்டிக் கூடினால் அடர்ந்த சாக்லேட் பழுப்பு, தயோயூரியா கூடினால் மஞ்சள் பழுப்பு.

நன்றாகக் கழுவிய பிரிண்ட்டை ப்ளீச்சில் ஆட்டுங்கள். படம் வெளிறி மங்கலான மஞ்சள் பழுப்பாகும், பயப்பட வேண்டாம். பேப்பரின் வெள்ளையிலிருந்து மஞ்சள் முழுதாகப் போகும்வரை அலசி, டோனரில் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் படம் பழுப்பாக எழுந்து வரும். பிறகு மேலே சொன்னபடி முழுக் கழுவல். செபியாவில் அடர்த்தி சற்றுக் குறையும் என்பதால் பிரிண்ட்டை 10 முதல் 15 சதவீதம் கூடுதல் வெளிச்சத்தில் போடுங்கள். கையுறை கட்டாயம், தயோயூரியா தோலில் படக் கூடாது.

செபியா செய்த படத்துல அங்கங்க நீலப் புள்ளி. சில இடத்துல மஞ்சக் கறை. என்ன ஆச்சு?

நீலப் புள்ளி இரும்பு. தண்ணீரில் உள்ள துருத் துகள் ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து நீலமாகிறது. கிணற்றுத் தண்ணீர் பற்றிச் சொன்னதும், பூச்சு பெயர்ந்த எனாமல் டிரே வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். மஞ்சள் கறைக்கு இரண்டு காரணம் உண்டு. ஹைப்போ குறைவாக இருந்து உள்ளே தங்கிய வெள்ளி உப்பு டோனரில் நிறம் பிடித்திருக்கும். அல்லது ப்ளீச்சுக்குப் பின் அலசியது போதாமல் ஃபெர்ரிசயனைடு தங்கியிருக்கும். படம் திட்டுத் திட்டாக வெளிறிக் காணாமலே போனால், பேப்பரில் ஹைப்போ தங்கியிருந்தது. ஹைப்போவும் ஃபெர்ரிசயனைடும் சேர்ந்தால் வெள்ளியைக் கரைத்துவிடும். அந்தப் பிரிண்ட்டை மீட்க முடியாது.

செலினியம் எப்போ போடணும்?

கருப்பு இன்னும் ஆழமாக வேண்டும் என்கிறபோது. மணவாளக்குறிச்சிக் கருமணல், பத்மநாபபுரம் அரண்மனையின் பளபளக்கும் கருந்தரை, ஈரமான பாறை; இந்த மாதிரிப் படங்களில் செலினியம் செய்வதை வேறெதுவும் செய்யாது. ரெடிமேட் கரைசலை 1:9 முதல் 1:20 வரை கலந்து இரண்டு முதல் எட்டு நிமிடம் போடலாம். டோன் செய்யாத ஒரு ஈரப் பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், கண் ஏமாறும். இயல்பிலேயே பழுப்புச் சாயலுள்ள வார்ம் டோன் பேப்பர் சிவந்த பழுப்புக்குப் போகும். சாதாரண மல்ட்டிகிரேடில் நிறம் அதிகம் மாறாது.

செலினியம் நச்சுப் பொருள். தூளை வாங்கி வீட்டில் கலக்காதீர்கள். கரைசலிலிருந்து அம்மோனியா வாடை வரும். எக்ஸாஸ்ட் ஓட வேண்டும் அல்லது திறந்த திண்ணையில் செய்யுங்கள், வெயில் படாத இடமாக.

கன்னியாகுமரி கடல் படத்தை நீலமா டோன் செய்தா நல்லா இருக்குமே?

எனக்குக் கடலை நீலமாக்குவதில் விருப்பமில்லை. பாறையும் மனிதரும் வானமும் சேர்ந்தே நீலமாகிவிடும். விடிவதற்கு முந்தைய நேரத்துப் படம், மழைக்கால மாத்தூர் தொட்டிப் பாலம் போன்றவற்றுக்கு அது பொருந்தும். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட்டும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் மெல்லிய அமிலத்தில் சேர்ந்த கரைசல்தான் நீல டோனர். வெள்ளியின் மேல் நீல இரும்புச் சேர்மம் படிகிறது. அடர்த்தி கூடும் என்பதால் பிரிண்ட்டைச் சற்று வெளுப்பாகப் போடுங்கள். ஃபெர்ரிசயனைடு உள்ள எதையும் வலுவான அமிலத்தோடு கலக்கவோ சூடாக்கவோ கூடாது, நச்சு வாயு வரும்.

பலரும் அடுத்துக் கேட்பது, கழுவக் கழுவ நீலம் வெளுக்கிறதே என்று. காரத்தன்மையுள்ள தண்ணீர் இந்த நீலத்தைச் சிதைக்கும். சிட்டிகை சிட்ரிக் ஆசிட் போட்ட தண்ணீரில், வெள்ளைப் பகுதியின் மஞ்சள் போகும்வரை மட்டும் கழுவுங்கள். நீலம் செபியாவைப்போலப் பாதுகாப்புத் தராது என்பதையும் மனதில் வையுங்கள்.

டீத்தண்ணியில போட்டா செபியா மாதிரி வருதே?

பேப்பருக்குச் சாயம் ஏறுகிறது, வெள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைப் பகுதியும் பழுப்பாகும். பாதுகாப்பு எதுவும் கிடையாது.

லேபுல போட்ட கருப்பு வெள்ளை பிரிண்ட்டை டோன் பண்ண முடியுமா?

பெரும்பாலும் முடியாது. லேபில் வருவது கலர் பேப்பரில் சாயத்தால் ஆன படம். அதில் வெள்ளி மிச்சமில்லை, டோனருக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. இங்க்ஜெட்டும் அப்படியே.

பழைய ஹைப்போவையும் டோனரையும் எங்க கொட்ட?

கிணற்றருகிலோ குளத்திலோ ஆற்றிலோ வேண்டாம். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது, அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, ஸ்டீல் வுல் போட்டு சில நாள் விட்டால் வெள்ளி அதில் கருஞ்சேறாகப் படியும். அந்தச் சேற்றை வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுக்கலாம். செலினியத்தை வடிகட்டி, மருந்து சேர்த்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கொட்டுகிற தேவையே அரிதாகத்தான் வரும். சோடியம் சல்ஃபைடு டோனர் உள்ள வாளியில் அமிலம் விழவே கூடாது.

மழைக்காலத்துல பிரிண்ட் காயவே மாட்டேங்குது, நெகட்டிவ்ல பூஞ்சை வேற.

கொசுவலையை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஃபைபர் பிரிண்ட்டின் படப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஃபேன் காற்றில் இரவு முழுக்க விடுங்கள். சுருண்டால் இரண்டு சுத்தமான அட்டைக்கு நடுவே கனமான புத்தகம் வைத்து அழுத்துங்கள். ஈரம் முழுதாகப் போகாமல் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நெகட்டிவை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மீண்டும் போடலாம். பீரோவில் துணியோடு வைப்பது வேண்டாம். பூஞ்சை ஜெலட்டினையே தின்னும், தின்ற இடம் திரும்பாது.

ஒரே படத்துல ரெண்டு நிறம் பார்த்தேன். நிழல் கருநீலக் கருப்பு, முகம் பழுப்பு. எப்படி?

ப்ளீச் முதலில் வெளிச்சப் பகுதியைத் தாக்கும், செலினியம் முதலில் அடர்ந்த நிழலைப் பிடிக்கும். இந்த எதிரெதிர்க் குணத்தை வைத்துத்தான். செலினியத்தில் சிறிது நேரம் போட்டு நிழலைப் பூட்டி, நன்றாகக் கழுவி, அப்புறம் நீர்க்கக் கலந்த ப்ளீச்சில் முகமும் வேட்டியும் மட்டும் வெளிறும் வரை விட்டு எடுங்கள். தயோயூரியாவில் அந்தப் பகுதி மட்டும் பழுப்பாகும். செபியாவுக்கு மேல் தங்க டோனர் போட்டால் பழுப்பு ஆரஞ்சுச் சிவப்பாகும். டோன் செய்யாத படத்திலோ அதே தங்கம் குளிர்ந்த நீலச் சாயல் தரும். விலை அதிகம், முதலில் மற்றவற்றில் கை பழகட்டும்.

டோன் செய்தது பிடிக்கலன்னா பழையபடி ஆக்க முடியுமா?

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செபியாவில் ப்ளீச் மட்டும் செய்து, டோனரில் போடாமல் இருந்தால், நன்றாக அலசி அறை வெளிச்சத்தில் சாதாரண பேப்பர் டெவலப்பரில் போடுங்கள், கருப்பு திரும்ப வரும், சற்றுப் பழுப்புச் சாயலுள்ள கருப்பாக. நீலம் செய்ததும் டெவலப்பரில் பெரும்பாலும் திரும்பும். அதன் காரம் நீலத்தைச் சிதைத்து வெள்ளியை மீண்டும் டெவலப் செய்கிறது. பழுப்பாகிவிட்ட செபியாவையும் செலினியத்தையும் வீட்டில் திருப்ப முடியாது. அதனால் நல்ல பிரிண்ட் ஒன்றை டோன் செய்யும் முன் அதே நேரம், அதே ஃபில்டரில் இன்னொன்று போட்டுக் கழுவி ஈரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.